'சேம்' என்று எழுதிக் கொடுத்தவர்

ஸ்கேனுக்கான பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் சபாபதி அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தது. காலையில் செங்கல்பட்டு மின்சார ரயிலில் வரும்போதே நெஞ்சுவலியாம். எனக்கு அழுகைக்கு முன்னால் பயம்தான் வந்தது. இனி என் ரிப்போர்ட்டை யார் டைப் செய்வார்கள்? அவரைத் தெரிந்தவர்கள் இதைச் சுயநலம் என்று சொல்லமாட்டார்கள்.

எங்கள் ஸ்கேன் சென்டரில் டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் அடிப்பவர் அவர். அதைக் கவுன்ட்டரில் எடுத்துக் கொடுப்பவள் நான். புற்றுநோய் வைத்தியம் முடிந்த பிறகு என் ஈரலில் ஒரு புள்ளி மிச்சமிருக்கிறது. அது வளர்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க, வேலை செய்யும் இடத்திலேயே நானும் நோயாளியாகப் படுக்கிறேன்.

புள்ளி அப்படியே இருந்தால் டாக்டர் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: 'நோ சிக்னிஃபிகன்ட் இன்டர்வல் சேஞ்ச்.' போன தடவைக்கும் இதற்கும் சொல்லத்தக்க மாற்றமில்லை என்று அர்த்தம். கோவளத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பெண், புருஷனுடைய ரிப்போர்ட்டில் அதை எழுத்துக் கூட்டிப் படித்து, கடைசியில் 'சேஞ்ச்' என்று நிற்பதைப் பார்த்து பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இன்னாண்ணா மாறிப் போச்சு, சொல்லுண்ணா" என்று ஒரே அழுகை.

அண்ணன் அந்தத் தாளைப் பிடுங்கிக்கொண்டு போய், அடியில் ஒரு வரி சேர்த்து அடித்து வந்தார். 'சேம் ஆஸ் லாஸ்ட் டைம்', போன தடவை மாதிரியேதான் என்று. டாக்டருக்குக் கோபம். "ரிப்போர்ட்ல சேம்னு எழுதினா யாருய்யா மதிப்பான்?"

"மதிக்க வாணாம் சார். நைட்டு தூங்கினா போதும்."

டாக்டர் முணுமுணுத்தார், ஆனால் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அது எங்கள் சென்டரின் வழக்கமாகிவிட்டது. ஆங்கிலம் தெரியாதவர்கள்கூட அந்த 'சேம்' எங்கே என்று தேடுவார்கள்.

ஆனால் அண்ணன் அந்த வார்த்தையைத் தாராளமாக இறைக்கவில்லை. அணுபுரத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார், நுனிநாக்கில் ஆங்கிலம். அவர் ரிப்போர்ட்டில் ஒருமுறை 'லார்ஜ்லி அன்சேஞ்ச்ட்', அதாவது பெரும்பாலும் மாற்றமில்லை என்று இருந்தது. "சேம்னு போட்டுடுங்களேன், வீட்ல பயப்படறாங்க" என்று கேட்டார். அண்ணன் அசையவில்லை. "லார்ஜ்லின்னா டாக்டர் கொஞ்சம் எடம் வுட்டு வச்சிகிறாரு. சேம்ல அந்த எடம் கெடையாது. நீங்க அவராண்டயே கேட்டுக்குங்க சார்."

அண்ணன் உடலுக்கு மாலை போட்டுவிட்டு மறுநாள் வேலைக்குப் போனேன். என் ரிப்போர்ட் தயாராக இருந்தது. புதிதாக வந்த பெண் அடித்தது. 'நோ சிக்னிஃபிகன்ட் இன்டர்வல் சேஞ்ச்.' அதற்குக் கீழே வெறும் தாள்.

அந்த வரி இல்லாதது அண்ணன் இல்லாததாலா, அல்லது அவர் இருந்திருந்தாலும் எழுதியிருக்கமாட்டாரா? எத்தனையோ பேருக்கு அந்தத் தாளை நீட்டியவள் நான், இப்போது என் தாளையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புதுப் பெண்ணிடம் சொன்னால் உடனே ஒரு வரி சேர்த்துத் தந்திருப்பாள். அப்படி வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. டாக்டர் அறைக்குள் போனேன்.

"சார், இது சேமா?"

"கவலைப்படற மாதிரி ஒண்ணுமில்லம்மா."

"அது தெரியும் சார். சேமா, இல்லையா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பழைய படத்தையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "சேம்னு சொல்லமாட்டேன். ஒரு நூல் கூடியிருக்கு. அளவெடுக்கறதுல வர்ற வித்தியாசமாவும் இருக்கலாம். மூணு மாசம் வேணாம், அடுத்த மாசமே எடுத்துடுவோம்."

அடுத்த மாதம் நெருங்குகிறது. சோறு இறங்கவில்லை, யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே திடுக்கிடுகிறேன். எனக்குத் தைரியம் கொடுத்துவிட்டுப் போனார் என்று அண்ணனைப் பற்றிப் பொய் சொல்லமாட்டேன். அவர் எனக்கு விட்டுப்போனது ஒரு கேள்வி. அதைக் கேட்டதால், எதற்குப் பயப்படுகிறேன் என்று தெரிந்து பயப்படுகிறேன்.