அரசாணி விதையின் பதம்

என் வீட்டுக்காரருக்கு அரசாணிக்காய் பிடிக்காது. பொரியல் செய்தாலும் கூட்டு வைத்தாலும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார். அவருக்கு வேண்டியது அதன் வயிற்றுக்குள் இருக்கிற விதை மட்டும்தான். அந்த விதைக்காக வாரம் தவறாமல் ஒரு பெரிய பத்தை வாங்கி வந்து, காயைத் தின்று தீர்க்கிற பொறுப்பை என் தலையில் கட்டிவிடுவார். மற்ற ஊர்க்காரர்கள் பரங்கி என்றும் மஞ்சள் பூசணி என்றும் சொல்வதைத்தான் நாங்கள் அரசாணி என்கிறோம். எந்தப் பெயரில் சொன்னாலும் எனக்கு அலுத்துப்போன காய் அது.

சூலூர்ச் சந்தையில் காய்க்காரம்மா பத்தை போடும்போது நடுவிலிருக்கும் குடலை வழித்து எறிந்துவிட்டுத்தான் எடை போடுவார். வாங்குகிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். இவர் மட்டும், "அதை எடுக்காதீங்க, அப்படியே போடுங்க" என்பார்.

"கொடலோட போட்டா உங்களுக்குத்தானுங்க நட்டம்."

"எனக்கு வேண்டியதே அதுதானுங்க."

பக்கத்தில் நிற்கிற எனக்கு மானம் போகும். ஓர் அமாவாசை கழிந்த காலையில் கடைவீதியில் நடந்து வந்தோம். கடைகளுக்கு முன்னால் திருஷ்டி சுற்றி உடைத்த பூசணிக்காய்கள் குங்குமத்தோடு சிதறிக் கிடந்தன. அவர் பார்வை அந்தப் பக்கம் போனதைக் கவனித்துவிட்டேன்.

"ஏனுங்க, அதுலயும் பொறுக்கப் போறீங்களா? ஊருக் கண்ணெல்லாம் ஒட்டுக்கா நம்மூட்டுக்கு வந்துரும்."

"அது வெள்ளப் பூசணி புள்ள. வெதை சப்புன்னு இருக்கும்."

திருஷ்டிக்குப் பயந்து விடவில்லை, ருசி போதாது என்று விட்டிருக்கிறார் மனுஷர்.

குடலைப் பிசைந்து விதையைப் பிதுக்குவதிலிருந்து எல்லாம் அவர் வேலைதான். அது லேசான வேலையும் இல்லை. நார் விரலில் சுற்றிக்கொள்ளும், விதை கைக்கு அகப்படாமல் வழுக்கி ஓடும். நாலைந்து தண்ணீர் அலசி, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, எவர்சில்வர் தட்டில் பரப்பி மொட்டை மாடியில் வைப்பார். பேப்பரில் காயவைத்தால் தாள் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் விதையோடு ஊர் நியாயத்தையும் சேர்த்துத் தின்ன வேண்டியதுதான். அணிலுக்காக மேலே ஒரு பழைய கொசுவலைத் துண்டு. சுக்காகக் காய்ந்த பிறகு இரும்பு வடைச்சட்டியை அடுப்பில் ஏற்றுவார். எண்ணெய் கிடையாது, சிறு தீ.

கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. பிறகு ஒரு விதை டப்பென்று வெடிக்கும். சற்றுப் பொறுத்து இன்னொன்று. அதன் பின் எல்லாம் சேர்ந்து படபடவென்று வெடித்துத் தள்ளும். அந்தச் சத்தம் ஓய்ந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கும்போது அடுப்பை அணைக்க வேண்டும். அதுதான் பதம். முன்னால் இறக்கினால் ரப்பரைக் கடிப்பதுபோல இருக்கும், பின்னால் இறக்கினால் கரி. முதலில் திறந்த சட்டியில்தான் வறுத்துக்கொண்டிருந்தார். விதைகள் துள்ளி அடுப்புக்குப் பின்னாலும் மிக்சிக்கு அடியிலும் போய் விழுந்தன. ஒருநாள் சுடச்சுட ஒன்று என் ரவிக்கைக்குள் விழுந்ததும் நான் ஆடிய ஆட்டத்தில், இனி மூடி போட்டுத்தான் வறுப்பது என்று முடிவாயிற்று.

எங்களுடையது தறிக்காரர் வீடு. சுவரை ஒட்டியே தறிக்குடோன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் சமைத்தேன், பிள்ளை பெற்றேன், சண்டை போட்டேன். பஞ்சுத் தூசி ஏறி ஏறி அவர் மூக்குக்கு வாடை எதுவும் சரியாகத் தெரியாது. தறி ஓடும்போது யார் என்ன சொன்னாலும் காதில் விழாது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வோம். தறி நின்ற பிறகும் கத்தித்தான் பேசுவோம், டி.வி. தெருமுனை வரை கேட்கும். என் மகளின் காலேஜ் தோழிகள் முதல் தடவை வந்தபோது, உங்க வீட்டில் ஏதாவது சண்டையா என்று பயந்துபோய்க் கேட்டார்களாம். நூல் விலையோடு மல்லுக்கட்ட முடியாமல் தறிகளைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டோம். குடோன் காலியாகி, அவருக்கு இந்த விதை வேலை ஒன்றுதான் மிஞ்சியது.

முதல் தடவை விதை கருகியபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த எனக்குத் தீய்ந்த வாடை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் சட்டியில் கறுப்பு.

"அடுப்பப் பத்த வெச்சுப்போட்டு எங்க போனீங்க?"

"எங்கியும் போகலையே. இங்கயேதான் நின்னுட்டிருந்தேன்."

"நின்னவரு கருகறவரைக்கும் என்ன பண்ணுனீங்க?"

அவர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். அடுத்த வாரமும் கருகியது, அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு தடவையும் நான் அதையே கேட்டேன், அவரும் இங்கேயேதான் நின்றேன் என்றே சொன்னார். கடைசியில் அதைச் சொல்வதையும் விட்டுவிட்டார்.

அப்புறம் மற்றதெல்லாம் கண்ணில் படத் தொடங்கியது. மூன்று விசில் வந்ததும் குக்கரை அணையுங்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போவேன். அது எத்தனை விசில் அடித்ததோ, அந்த வீட்டம்மாவே, "உங்க குக்கர்தானுங்க கூப்பிடுது" என்று என்னைத் துரத்திவிடுவார். குளியலறைக் குழாயைச் சரியாக மூடாமல் வருவார், டேங்க் காலியாகும். பின்னாலிருந்து ஏனுங்க என்றால் திரும்ப மாட்டார். சொன்ன வேலையில் பாதி நடக்காது, கேட்டால், நீ எப்பச் சொன்னே என்பார்.

வேறு வீடாக இருந்தால் வயசாச்சு என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். எங்களால் முடியவில்லை. அவருடைய அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தார். பிறகு பஸ்ஸில் ஏறினால் இறங்க மறந்தார். ஒருநாள் தன் வீட்டு வாசலில் நின்று, "இது ஆரு ஊடுங்க?" என்று கேட்டார். கடைசிக் காலத்தில் பார்க்கப் போன இவரை, கூடப் பிறந்த தம்பியை, "நீங்க எந்தூருங்க, உக்காருங்க" என்று உபசரித்தார். ஒருநாளும் தம்பியை ங்க போட்டுப் பேசியவர் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து இவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. மனுஷன் என் கண்முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுவார், ஒருநாள் என்னையும் எந்தூருங்க என்று கேட்பார் என்று நினைத்தாலே கையிலிருக்கிற வேலை ஓடாது. அந்தப் பயம் அவருக்குத் தெரியக்கூடாது என்று முன்னைவிட அதிகமாகக் கத்திக்கொண்டு திரிந்தேன்.

பீளமேட்டில் குடியிருக்கிற மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். கரிந்த சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தவள், அவர் குளிக்கப் போன நேரம் மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏனுங்கம்மா, பெரியப்பாவுக்கு ஆனாப்புலதான இருக்குது? அப்பாவ இனி கேஸ் பக்கம் விடாதீங்க. நரம்பு டாக்டருகிட்ட நா டோக்கன் போடறேன்."

"உங்கப்பனுக்கு ஒண்ணுமில்ல. வாய வெச்சுட்டுச் சும்மா இரு."

அவள் அழுதுவிட்டாள். நான் அழவில்லை, சட்டியைத்தான் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். ஆனால் அவள் போன பிறகு வடைச்சட்டியை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். டோக்கனும் போடச் சொல்லிவிட்டேன். உடம்புக்கு ஒரு செக்கப் என்று அவரிடம் சொன்னோம். அவர் மறுக்கவில்லை.

அவர் சட்டி எங்கே என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. காய்ந்த விதை பாட்டிலில் கிடந்தது. கேட்டிருந்தால் ஒரு சண்டை போட்டு ஆறியிருப்பேன், கேட்காமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. நானே தோசைக்கல்லில் கொஞ்சம் வறுத்து டீயோடு கொடுத்தேன். இரண்டை வாயில் போட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்துவிட்டார். சாயங்காலம் பொழுதோட காலிக் குடோனில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை, தறி பதித்திருந்த இடத்தில் சிமென்ட் தழும்புதான் இருந்தது.

டாக்டரிடம் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள். மாடியில் துணி எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். பாதிப் படியில் அந்தச் சத்தம் கேட்டது. படபடவென்று விதை வெடிக்கிறது. சட்டியைக் கண்டுபிடித்துவிட்டார்.

சண்டை பிடிக்கத் தயாராகத்தான் போனேன். அடுக்களை வாசலில் நின்றுவிட்டேன். அவர் எங்கேயும் போகவில்லை. அடுப்புக்கு முன்னால், ஒரு கை அடுப்புத் திருகில், பார்வை சட்டி மூடியின்மேல், பரீட்சை எழுதுகிற பிள்ளைமாதிரி நின்றுகொண்டிருந்தார். சட்டிக்குள் விதை வெடித்துத் தள்ளியது. மெல்லச் சத்தம் ஓய்ந்தது. இப்போது அணைப்பார் என்று பார்த்தேன். அணைக்கவில்லை. அங்கொன்று இங்கொன்று என்பதும் நின்றுபோனது. அப்போதும் அணைக்கவில்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க" என்றேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. போய்த் தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப்போட்டது அவருக்கு.

"இன்னும் வெடிக்கவே ஆரம்பிக்கலெ புள்ள" என்றார். "இந்த வெதையெல்லாம் ஏனோ வெடிக்கறதே இல்ல. இருந்தாப்புல இருந்து கருகிப்போகுது."

நான் அடுப்பை அணைத்தேன். அவர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் முதுகுக்குப் பின்னால் ஓர் எவர்சில்வர் தட்டை எடுத்துக் கீழே போட்டேன். அவருக்குத் தோள்கூட அசையவில்லை. இன்னொரு தட்டைப் போட்டேன். பக்கத்து வீட்டம்மா காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னாச்சுங்க?" என்று குரல் கொடுத்தார். இவர் விதையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மகளும் நானும் அவரை அழைத்துக்கொண்டு போனோம். நடந்ததைச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. இவருக்கு எதிரே உட்கார்ந்து நிறையக் கேட்டார். கிழமை, ஊர், காலையில் என்ன சாப்பிட்டது, நூறிலிருந்து பின்னாலே எண்ணுவது. இவர் டாக்டரின் உதட்டையே பார்த்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். இட்லிக்கு என்ன சட்னி என்பது வரைக்கும் சொன்னார், உப்புக் குறைவு என்றும் சேர்த்துச் சொன்னார். பிறகு டாக்டர் எழுந்து இவருக்குப் பின்னால் போய் நின்று ஏதோ கேட்டார். இவர் எதிரே காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து காது பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஹெட்போன் மாட்டிவிட்ட பெண், முதல் கேள்வியாக, "ஐயா தறி ஓட்டுனீங்களா?" என்று கேட்டது. வீட்டில் எல்லாரும் கத்திப் பேசினோம், எல்லாரும் உதடு பார்த்தோம். அப்புறம் எந்த நாளில் இவருக்குக் கேட்காமல் போனது என்று யாருக்குத் தெரியும்? ஞாபகத்துக்கு ஒரு குறையும் இல்லை, சன்னமான சத்தங்கள் போய்விட்டன, மிஷின் வைத்தால் முக்கால்வாசி திரும்பிவிடும் என்றார்கள். மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

நாங்கள் இருவரும் சூலூர் பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். காலேஜ் பிள்ளைகள், பைக்குகள், ஹாரன் சத்தம். அவர் டாக்டர் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, தறிச் சத்தத்துக்கு மேலே பேசுகிற அதே குரலில் கேட்டார்:

"ஏம்புள்ள, அப்ப எங்கண்ணனுக்கு ஆனாப்புல எனக்கு ஆகலையில்ல?"

நிறுத்தத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவரிடமிருந்து ஒளித்துவைத்ததாக நினைத்த பயத்தை, எனக்கும் முன்னாலிருந்தே அவர் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"ஒவ்வொருக்காவும் நா அங்கயேதான் நின்னேன். ஆனா எங்க போனீங்க எங்க போனீங்கன்னு நீ கேக்கக் கேக்க, ஒருவேள போயிட்டு வந்ததத்தான் மறந்துபோட்டனோன்னு எனக்கே வந்துருச்சு. அதான் நேத்து, ஓரடியும் நகராம நின்னு பாப்போம்னு வறுத்தேன்."

அவருக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தேன். என் உதடு தெரியும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"நீங்க எங்கயும் போகலீங்க. அங்கயேதான் நின்னீங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"இன்னொருக்காச் சொல்லு."

"கேக்கலீங்களா?"

"கேட்டுது. இருந்தாலும் சொல்லு."