கடிக்கிற கெட்டிக்காரன்

எங்கள் வெள்ளவத்தை ஃபிளட்டின் ஹோலில், கண்ணாடித் தொட்டிக்குள், ஓர் ஒஸ்கார் மீன் குடியிருக்கிறது. சாப்பாட்டுப் பீங்கான் அளவு உடம்பு, சிக்லிட் இனத்துக்கே உரிய முன்கோபம். அதற்கொரு கூட்டாளி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நான்தான். முதலில் ஆறு கப்பி மீன்கள் விட்டேன். அவை வந்த பையைக் குப்பையில் போட்டுவிட்டுத் திரும்பினால் ஒன்றும் இல்லை. அடுத்து வந்த தங்கமீன் இரண்டு நாள் தாக்குப்பிடித்தது. வாய்க்குள் நுழையும் அளவில் இருப்பதெல்லாம் ஒஸ்காருக்குக் கறிதான் என்பதை நான் அதற்குப் பிறகுதான் வாசித்தேன்.

அம்மா தீர்ப்புச் சொன்னா: "இந்த வீட்டில இன்னுமொரு செத்தவீடு நடந்துதெண்டால், தொட்டி மட்டக்குளிக்கு மாமா வீட்டை போகும். அந்த இடத்தில என்ர தையல் மெஷினை வைப்பன்."

மாமா வீட்டில் இரண்டு பூனைகள்.

ஆகவே இந்த முறை ஒழுங்காகத் தெரிவு செய்வதென்று கொட்டாஞ்சேனை வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன். வாய்க்குள் போகாத பருமன் வேண்டும், பயந்தாங்கொள்ளியாகவும் இருக்கக்கூடாது. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஒன்று கண்ணில் பட்டது. உள்ளங்கை அளவுதான், ஆனால் முறைப்பு பெரிசு. கைதி உடுப்புப் போலக் கோடு இருப்பதால் அதற்குக் கன்விக்ட் என்று பெயர். அதுவும் சிக்லிட்தான்.

ஒஸ்காரோடு விடலாமா என்று கடைக்காரரிடம் சிங்களத்தில் கேட்டேன். அவர் தலையை ஆட்டி, "மெயா ஹபனவா, நங்கி" என்றார்.

மெயா என்றால் இவன், நங்கி என்றால் தங்கச்சி, ஹபனா என்றால் கெட்டிக்காரன். சாதாரண தரப் பரீட்சையில் சிங்களத்துக்கு ஏ எடுத்தவள் நான், எனக்குத் தெரியாதா? வாயெல்லாம் பல்லாக அந்தக் கெட்டிக்காரனை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

தொட்டியில் விட்டு ஒரு மணித்தியாலம் இருக்காது. கெட்டிக்காரன் மூலைக் கற்குகையைப் பிடித்துக்கொண்டு, எட்டிப் பார்த்த ஒஸ்காரின் வாலில் ஒரு கடி கடித்தான். பிறகு வயிற்றில். பிறகு சும்மா ஒரு ஆசைக்கு. பீங்கான் அளவு மீன் ஃபில்டருக்குப் பின்னால் ஒளிந்து நின்று நடுங்கியது.

"ஐயோ, என்ர பிள்ளையைக் கொல்லப்போறான்!" என்றா அம்மா. அது எப்போது அவவின் பிள்ளையானது என்று கேட்க நேரமில்லை. பில்லில் இருந்த நம்பருக்கு அழைத்தேன்.

கடைக்காரர் தமிழுக்கு மாறினார். "நங்கி, நான் சொன்னதுதானே! ஹபனவா, ஹபனவா! கடிக்கும்! நீங்க சிரிச்சு சிரிச்சு வாங்கிட்டுப் போனது!"

கடிக்கும். 'ஹபனவா'வில் ஒரு 'வ'வை நான் பஸ் ஏற முன்பே விழுங்கியிருந்தேன்.

"ஏ எடுத்தனான், ஏ எடுத்தனான் எண்டு துள்ளினியே" என்றா அம்மா.

கடைக்காரர் வழியும் சொன்னார்: கல் எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள், இது யார் வீடென்று இரண்டுக்கும் மறந்துபோகும், சண்டை நிற்கும். இதைக் கேட்டதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. மாதம் ஒருதரம் சோபாவை இடம் மாற்றாவிட்டால் அவவுக்கு நித்திரை வராது. கையை முழங்கைவரை விட்டுக் கற்குகையைப் பிரித்தா. செடியை இந்தப் பக்கம், கல்லை அந்தப் பக்கம். கழுவி வைத்திருந்த தயிர்ச் சட்டி ஒன்றைச் சரித்து ஓரமாக வைத்தா.

இரண்டு மீனும் புதுவீடு பார்க்க வந்த சனம் போல மெல்லச் சுற்றின. கடைசியில் கோட்டுக்காரன் தயிர்ச் சட்டிக்குள் போய்ப் படுத்தான். ஒஸ்கார் நடுத்தொட்டிக்கு வந்து, ஒன்றுமே நடக்காதது போல எங்களிடம் சாப்பாடு கேட்டது.

"பாவம், இருக்கட்டும். மட்டக்குளிக்கு அனுப்பேலாது" என்றா அம்மா.

"அப்ப தையல் மெஷின்?"

"அதுக்கு வேற இடம் பாக்கிறன்."

மறுநாள் வகுப்பு முடிந்து வந்து என் அறைக் கதவைத் திறந்தேன். கட்டில் எதிர்ச் சுவரில். மேசை அலுமாரிக்குப் பின்னால். ஜன்னலோரத்தில், என் இடத்தில், தையல் மெஷின். யாருடைய அறை இது என்று விளங்காமல் வாசலிலேயே நின்றேன்.

"ஒரு சுத்துச் சுத்திப் பார்" என்று குசினியிலிருந்து குரல் வந்தது. "பழகிடும்."