கறுப்பு ஒயரும் வெள்ளை ஒயரும்

கறுப்பு ஒயர் ஒன்று, வெள்ளை ஒயர் ஒன்று. இரண்டும் தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். பட்டாசுப் பெட்டி லேபிள் தாளைச் சின்னதாகக் கிழித்து, இரண்டின் முனையிலும் இறுக்கிச் சுற்றிப் பசை தடவி ஒட்டியிருக்கிறது. ஒரு சுற்றில் மயில் கழுத்தின் நீலம் தெரிகிறது. என் மகனுடைய லேப்டாப்பின் வயிற்றுக்குள் இதைப் பார்த்த அன்றைக்கு என் வீட்டுக்காரர் ரிப்பேர்க் கடை பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். இவ்வளவு நீளம் எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். எழுதியதை வாசிக்கச் சொல்லித் திருத்துகிறவள் நான்.

என் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். அவர் பொறுப்பில் இருந்த அறைகளில் ஒரு நாளும் பொறி விழுந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கொலுசோடு வரும் பெண்களை வாசலிலேயே நிறுத்திக் கழற்ற வைப்பார். நைலான் சேலையில் வந்தவளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பி, சீசன் நேரத்தில் ஆள் குறைத்துவிட்டாய் என்று முதலாளியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறார். வெடிமருந்து அறை வாசலில் செம்புத் தகடு பதித்திருக்கும். அதைத் தொட்டு உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தப் பழக்கத்தில் திருத்தங்கலில் எங்கள் வீட்டுக்குள் நுழையும்போதும் கதவின் பித்தளைக் குமிழைத் தொட்டுவிட்டுத்தான் வருவார். செல்போன் வந்தபோது அதையும் கொலுசோடு சேர்த்துவிட்டார். "கண்ணுக்குத் தெரியாம அலை அடிக்கிற சாமான் எதுவும் மருந்துப் பக்கம் வரப்படாது" என்பார். சரக்கு சரியாக வெடிக்கிறதா என்று பின்னாலுள்ள பொட்டலில் வெடித்துப் பார்ப்பதும் அவர் வேலைதான். காது அதிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

மகன் வேறொரு கம்பெனியில் கணக்குப்பிள்ளை. கம்ப்யூட்டர் படித்தவன், இடக்கைக்காரன், வாயாடி. எந்த அறையில் எவ்வளவு சரக்கு முடிந்திருக்கிறது என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சுற்றிக் குறித்து வருவது அவன் வேலை. அது இவருக்கு ஆகவே ஆகாது. தட்டில் சோறு விழுந்தால் போதும், பேச்சு அங்கேதான் போய் நிற்கும்.

"யப்பா, கம்பியே இல்லாததுல பொறி எங்கனருந்து வரும்? ஒங்க போர்மேன் புத்தியைக் கொஞ்சம் வாசல்ல கழட்டி வச்சிட்டு வாங்க."

"சிரிலே, சிரி. மருந்துக்கு நீ படிச்சவன்னு தெரியவா போகுது?"

"அதுக்கும் ஒங்களை மாதிரி காது கேக்காதோ என்னவோ!"

நான் குழம்பை ஊற்றிக்கொண்டே சிரித்துவிடுவேன். அவர் சிரிக்க மாட்டார். தான் சொன்ன எதையும் மகன் காதில் வாங்குவதில்லை என்பது அவர் மனதில் ஆணியாக இறங்கிவிட்டது.

ஒரு சீசனில், லோடு ஏற்றுகிற மும்முரத்தில், மகனுடைய கம்பெனியில் ஓர் அறை வெடித்தது. உள்ளே இருந்தவர்களும் போனார்கள், கணக்குக் குறிக்கப் போன என் மகனும் போனான். லேப்டாப் மட்டும் வாசலையொட்டி மணல் வாளி வைக்கிற சுவருக்குப் பின்னால் கிடந்திருக்கிறது, ஒரு மூலை உருகினபடி. அதிகாரிகள் சூலக்கரை ஆபீசுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். உராய்வினால் என்று எழுதினார்கள். எங்கள் பக்கத்தில் எப்போதும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் ஊர் வேறொன்றை எழுதிக்கொண்டது. கணக்குப்பிள்ளை கம்ப்யூட்டரை வாசலில் வைத்து ஆன் பண்ணினான், அதில் அலை அடித்துத்தான் மருந்து பிடித்தது என்று டீக்கடையிலும் குழாயடியிலும் பேச்சு. அதே அறையில் புருசனைப் பறிகொடுத்த ஒருத்தி அடுத்த தெருவில் இருக்கிறாள். அவள் எங்கள் வாசலில் வந்து நின்று மண்ணை வாரி இறைத்தாள். "ஒம் மகன் தூக்கிட்டு அலைஞ்ச பொட்டிதான் என் தாலியை அறுத்துச்சு. நீயெல்லாம் ஒரு போர்மேனா?" என்று அவரைப் பார்த்துக் கேட்டாள். நான் எதிர்த்துப் பேச எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவரும் அதை நம்புகிறார் என்று. அதற்குப் பிறகு மகன் பேரை அவர் வாயால் சொன்னதில்லை. படத்துக்கு நான்தான் பூப் போடுவேன். அவர் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்ப மாட்டார். வீட்டுக்குள் செல்போன் வரக் கூடாது என்றார். மகள் விருதுநகரிலிருந்து வந்தால் போனை வண்டிப் பெட்டிக்குள் பூட்டிவிட்டுத்தான் படியேறுவாள். லேப்டாப் இரும்பு பீரோவின் அடித்தட்டில் கிடந்தது. ஒரு கொலைகாரனை வீட்டில் ஒளித்து வைத்திருக்கிற மாதிரிதான் அந்த பீரோவை நாங்கள் திறந்து மூடினோம்.

காது மிகவும் மங்கிப்போனபோது மகள் விருதுநகரில் காது மிசின் வாங்கிப் போட்டாள். இருக்கிற காதும் ரொம்ப நாளைக்கு இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிசினைப் பொருத்தியவர், கம்ப்யூட்டரில் வருகிற பேச்சு ஒயர் இல்லாமலே நேராக இந்தக் காதுக்குள் வரும், வேறு இரைச்சல் கலக்காது என்றும் சொன்னார். அவர் இல்லாத நேரத்தில் லேப்டாப்பைப் போட்டுப் பார்த்திருந்த மகள், அப்போது ஒன்றைச் சொன்னாள். அவள் பிள்ளையின் காதுகுத்து அன்றைக்கு வீட்டில் நடந்த பேச்சையெல்லாம் தம்பி அந்த லேப்டாப்பில் பதிந்து வைத்திருக்கிறான். மூலை உருகியதில் ஸ்பீக்கர் கிழிந்து, கரகரவென்றுதான் கேட்கிறது. காது ஒயர் மாட்டுகிற ஓட்டையும் அந்த மூலையோடு அடைந்துவிட்டது. ஆனாலும் ஓர் இடத்தில், "யப்பா, சாப்பிட்டீகளா?" என்று தம்பி கேட்பது தெரிகிறது என்றாள்.

அவர் பீரோவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நான் பதில் சொன்னேனா?" என்று கேட்டார்.

காதுகுத்து அன்று காலையில்தான் போன் விசயமாக இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. நாள் முழுக்க முகம் கொடுக்காமல் இருந்தார். மகள், "அது தெரியலப்பா, ஒரே பாத்திரச் சத்தமா இருக்கு" என்றாள். அவர் எழுந்து போய் பீரோவைத் திறந்து, அடித்தட்டிலிருந்து அதைத் தானே எடுத்து வந்தார். "காது போறதுக்குள்ள கேக்கணும்" என்றார்.

போனில் ஏற்றித் தருகிறேன் என்ற மகளிடம், போன் வேண்டாம், அவன் பொட்டியிலேயே கேட்கிறேன் என்றார். மிசினோடு லேப்டாப்பைச் சேர்க்க ப்ளூடூத் வேண்டுமாம். அதற்கு டிரைவர் என்று ஒன்றை ஏற்ற வேண்டுமாம். லேப்டாப்பில் நெட்டும் பிடிக்கவில்லை. மகள் அதை வேறு கம்ப்யூட்டரில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டு வந்தாள். ஒரு கோடு பச்சையாக நீண்டுகொண்டே போகும். நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம். முடியப் போகிற இடத்தில் நின்று, சிவப்பாகப் பெருக்கல் குறி ஒன்று வரும். பழையதை ஏற்றிப் பார்த்தாள், புதியதை ஏற்றிப் பார்த்தாள், அணைத்துப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் காது மிசினைச் சரிசெய்துகொண்டு தயாராக உட்காருவார். சிவப்புக் குறியைக் கண்டதும் கையைக் கீழே போட்டுவிடுவார். "அவனுக்கு என்கிட்ட பேச இஷ்டமில்ல போல" என்று ஒருதரம் சொன்னார். 

கடைசியில் விருதுநகரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற பாயிடம் போனோம். பஸ்ஸில் வழி நெடுக லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பாய் பொறுமைசாலி. "வாங்கம்மா, வாங்கய்யா, முதல்ல தண்ணி குடிங்க" என்று பெஞ்சைக் காட்டிவிட்டு, மகள் செய்ததையெல்லாம் அவரும் செய்து பார்த்தார். அதே சிவப்பு.

"எல்லாத்தையும் அழிச்சிட்டு மொதல்லருந்து புதுசா ஏத்திப் பாக்கவாம்மா?"

நான் இவர் காதருகில் போய்ச் சொன்னேன். அவர் இரண்டு கையையும் லேப்டாப்பின் மேல் வைத்துக்கொண்டார். "அழிக்கப்படாது" என்றார்.

"சரிய்யா, சரிய்யா. அழிக்கல. கையை எடுங்க, நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்று பாய் சிரித்தார். பிறகு திரையையே பார்த்துக்கொண்டு, "டிரைவர்ங்கிறது உள்ள இருக்கிற பொருளுக்கு வேலை சொல்றதும்மா. சொன்னதைக் கேக்க அங்கன ஆள் இருக்கணும்ல? இதுல ஆளே இல்லாத மாதிரி காட்டுது. எதுக்கும் தெறந்து பாத்திருவோம்" என்றார்.

குட்டிக் குட்டித் திருகாணிகளைக் கழற்றிப் பின்மூடியை எடுத்தார். "அட" என்றார். உள்ளே ஓர் இடம் வெறுமையாக இருந்தது. அதற்கு நேராகத்தான் அந்த இரண்டு ஒயர்களும், எதிலும் ஒட்டாமல், முனையில் தாள் சுற்றிக் கிடந்தன. "இங்கன ஒரு தகடு இருக்கணும்மா. நெட்டு, ப்ளூடூத், அலை வாங்குறது எல்லாம் அதுதான். அதை யாரோ கழட்டியிருக்காங்க. இப்பக் கழட்டினது இல்ல, தூசி படிஞ்சு கெடக்கு பாருங்க. இதுல அலை அடிக்க வழியே இல்ல."

"கழட்டினது யாரு?" என்று மகள் கேட்டாள். யாராவது மெக்கானிக்காக இருக்கும் என்றார் பாய்.

நான் குனிந்து பார்த்தேன். கண் மங்கல்தான், ஆனால் தாள் சுற்றியதைப் பார்க்க எனக்குக் கண்ணாடி வேண்டாம். வீட்டிலிருந்தபடி பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றியே வயதைக் கழித்தவள் நான். எல்லாரும் சுற்றுவது ஒரு பக்கமாக வரும். இது எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. பள்ளிக்கூட லீவில் என் பக்கத்தில் உட்கார்ந்து இடக்கையால் விளையாட்டுக்குச் சுற்றுவான் என் மகன். "ஏலே, எல்லாத்தையும் தலைகீழாச் சுத்தி வைக்கியே, எவன்லே இதை வாங்குவான்?" என்று நான் பிரித்துப் போடுவேன். பசையைத் தாளின் ஓரத்தில் விடாமல் நடுவில் இழுத்துத் தடவுவதும் அவன்தான்.

"மெக்கானிக் இல்ல பாய். இது எம் மகன் சுத்தினது" என்றேன்.

இவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் காதில் சொன்னேன். "அலை அடிக்கிற சாமானை அவனே கழட்டி எடுத்துட்டான். நீங்க சொன்னதைக் கேட்டிருக்கான்." இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது. கேட்காததால் அல்ல. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு விரலை நீட்டி அந்தத் தாளைத் தொட்டார், செம்புத் தகட்டைத் தொடுகிற மாதிரி.

புதுத் தகடு ஒன்று மாட்டினால் இப்போதே கேட்கலாம் என்றார் பாய். இவர் தலையை ஆட்டினார். "அவன் கழட்டி வச்சதை நான் மாட்டவா?" மகள் தன் போனில் ஏற்றித் தருவதாக மறுபடியும் சொன்னாள். அதற்கும் மாட்டேன் என்றார். கேட்பதற்காகவே வந்த மனுசன் கேட்காமலே எழுந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மகன் இருந்தவரைக்கும் அவனோடு பிடித்த பிடிவாதத்தை இப்போது அவனுக்காகப் பிடிக்கிறார்.

திருத்தங்கலில் இறங்கியதும் வீட்டுக்கு வரவில்லை. நேராக அடுத்த தெருவுக்கு, மண் வாரி இறைத்தவள் வீட்டுக்குப் போனார். பின்மூடியை மாட்டாமலே வாங்கி வந்திருந்தார். துண்டை விலக்கி, "பாரு தாயி. இதுல அலை கெடையாது. எம் மகன் அப்பவே கழட்டிட்டான்" என்றார்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள். அந்த ஒயரில் அவளுக்கு என்ன தெரியும்? "சரி மாமா. அவன் செய்யலைன்னே இருக்கட்டும். எங்க வீட்டு ஆளு திரும்பி வந்திருவாகளா?" என்றாள். பிறகு, "வெயில்ல வந்திருக்கீக, மோர் குடிக்கீகளா?" என்றாள். அவர் வேண்டாம் என்றார். ஊர் வாயை மாற்றப் போனவர், அதற்கு மேல் யார் வீட்டுப் படியும் ஏறவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் படத்துக்கு முன்னால் போய் நின்றார். "ஏலே" என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் சொன்னபடியே காது முழுக்க அடைந்தது. மிசினைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். அடுத்த மழைக்கு அவரும் போய்விட்டார். "சாப்பிட்டீகளான்னு கேட்டான், நான் பதில் சொல்லல" என்பதைக் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் போன் வந்தது. மகள் பாயிடம் லேப்டாப்பைக் கொடுத்து, அந்தக் காதுகுத்துப் பேச்சைத் தன் போனில் ஏற்றி வந்து என் காதில் வைத்தாள். பிள்ளை அழுகிறது. பாத்திரம் உருளுகிறது. யாரோ சாம்பார் கேட்கிறார்கள். அவன் குரல், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி: "யப்பா, சாப்பிட்டீகளா?" பிறகு ஒரு கரண்டிச் சத்தம். அதற்கு அடியில், யாருக்கும் பிடிபடாத அளவுக்குத் தாழ்வாக, எனக்கு மட்டும் பிடிபடுகிற மாதிரி: "ம். நீ போய்ச் சாப்பிடுலே."

மகளை மறுபடி போடச் சொன்னேன். பதில் சொல்லித்தான் இருக்கிறார். இதைக் கேட்க வேண்டிய காது இல்லை.

லேப்டாப் மடியில் கிடந்தது. புதுத் தகடு மாட்டவா என்று பாய் மறுபடியும் கேட்டனுப்பியிருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூடியை வைத்து, திருகாணிகளை மகள் ஒவ்வொன்றாக முடுக்கினாள். கறுப்பு ஒயரும் வெள்ளை ஒயரும் உள்ளேதான் இருக்கின்றன, எதிலும் ஒட்டாமல், எதிர்ப்பக்கமாகச் சுற்றிய தாளோடு.