அவன் கேட்க வேண்டிய சைலன்சர்

சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. அங்கே எந்த வண்டி எப்படிக் கத்தினாலும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எனக்கும் தறிதான் பிழைப்பு. வேலை முடிந்தால் பேச ஆளில்லாத வீடு. அதனால்தான் என் பழைய பைக்குக்கு நானே சைலன்சர் செய்ய இறங்கினேன்.

ஆசை முதலில் என்னுடையது அல்ல, கடையநல்லூர் நண்பனுடையது. புளியங்குடி சாலையில் இரண்டு பேராகப் போகும்போது வண்டி மூச்சு வாங்கும். இழுவை போதவில்லை, சைலன்சர் பைப்பை மாற்றணும் என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வருவான். மாற்றுவதற்குள் துபாய் போய்விட்டான்.

நான் செய்த முதல் பைப் வீண். பெரிய குழாய் போட்டால் வேகம் வரும் என்று எல்லா மடையர்களையும்போல நானும் நம்பினேன். சத்தம் வந்தது, இழுவை போய்விட்டது. அடுத்ததற்குச் சிறிய குழாய் எடுத்து, நீளத்தைக் கூட்டினேன். வளைக்கும்போது நசுங்காமலிருக்க உள்ளே காய்ந்த மணலை இறுக்கி நிரப்பிச் சூடு காட்டினோம். லேத் பட்டறை அண்ணாச்சி குழாயைப் பற்றவைத்துக்கொண்டே, "இதுக்குப் பேசாம வேற வண்டியே வாங்கிரலாம் வே" என்றார். அவரை நான் முறைத்தேன். ஆனால் இந்த முறை வண்டி நான் சொன்னதைக் கேட்டது. மூன்றாவது கியரிலேயே மேட்டை ஏறியது. இரைச்சலும் இல்லாமல், கனத்த, அடங்கிய சத்தம். இது புரிகிற ஆள் உலகத்தில் ஒருத்தன்தான். அவன் கேட்டுச் சொல்லாதவரை, செய்து முடித்ததாகவே எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. தறிச்சத்தம் தொடாத இடமாக, இளையரசனேந்தல் பக்கம் காட்டோரம் நிறுத்தி வீடியோ கால் போட்டேன். எஞ்சினை ஓடவிட்டுப் போனைச் சைலன்சர் அருகே பிடித்தேன். ஆக்சிலேட்டரை மெல்ல முறுக்கினேன்.

"எப்பலே ஸ்டார்ட் பண்ணப்போற?" என்றான்.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பேச்சு தெளிவாகக் கேட்க, மற்ற சத்தத்தையெல்லாம் இந்தப் போன்களே வடிகட்டிவிடும். என் சைலன்சரையும் வேண்டாத இரைச்சல் என்று தள்ளிவிட்டிருந்தது. பதிவு செய்து அனுப்பலாம்தான். ஆனால் அவன் கேட்கும்போது அவன் முகத்தை நான் பார்க்க வேண்டும், அதற்குத்தானே இத்தனையும். விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன்.

"மாப்ள, இப்ப ஸ்டார்ட் பண்ணாத. கொஞ்சம் இப்படியே இருக்கட்டும்" என்றான். "இங்கன ரூம்ல எந்நேரமும் ஏசி இரையுது, எவனாவது கத்துதான். நம்ம காடு எம்புட்டு அமைதியா கெடக்குலே."

கண்ணை மூடிக்கொண்டிருந்தான். நான் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். அவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.