வரிசையில் ஒரு அழைப்பு

இதைப் படித்துவிட்டு நான் கதை விடுகிறேன் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அன்றைக்கு நான் மூன்றாவது இரவாகத் தூங்காமல் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தத் தூக்கக் கலக்கம் எனக்கு மட்டும்தான். ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு இல்லை. கூடப் போன நர்சுக்கும் இல்லை. இரண்டு பேரும் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். அன்று போனது ஓர் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்துக்கு. உயிருக்கு ஆபத்து என்று போன் செய்தால் முதலில் எடுக்கும் இடம். வருகிற அழைப்புகளை வரிசையில் நிறுத்தி ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லினக்ஸ் சர்வர் ஒன்பது வருடப் பழசு. புதிதாக வாங்க மனமில்லை. இருப்பதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு, அதே மெஷினில் இயங்குதளத்தை மட்டும் புதுசாக்கச் சொன்னார்கள். குடியிருப்பவர்களைக் கிளப்பாமல் வீட்டுக்கு அஸ்திவாரம் மாற்றுகிற வேலை. போன் குறைவாக வரும் நேரத்தில்தான் அதில் கை வைக்க முடியும். அதனால் இரவு.

படியேறும்போது மனைவி போன் செய்தாள்.

"இன்னிக்கும் வர மாட்டீங்களா?"

"விடிஞ்சதும் வந்துடுவேன்மா."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க." வைத்துவிட்டாள்.

மணி 11:40. இரண்டாவது மாடியில் நீளமான கூடம். பன்னிரண்டு மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு போன், ஒரு ஹெட்செட். மூலையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சர்வர். இரவுப் பொறுப்பாளரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஏன் என்று ஐந்து நிமிடத்தில் புரிந்தது. மனுஷன் வாயை மூடவே இல்லை.

"பன்னெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் எல்லா காலும் பக்கத்து ஊர் சென்டருக்குப் போயிடும் தம்பி. ஆளுங்கள வீட்டுக்கு அனுப்பிட்டேன். நீங்க, நான், கீழ வாட்ச்மேன். அவ்வளவுதான். அவன் தூங்கிட்டான்னா நாம ரெண்டு பேர்."

12:05-க்கு ஆரம்பித்தேன். திரையில் வரிகள் ஓடின. என் கண்கள் தானாக மூடின. 1:10-க்கு எல்லாம் நின்றது.

பேக்கேஜ் தகராறு, அதாவது இரண்டு மென்பொருள் தொகுப்புகளுக்குள் மோதல். என் வேலையில் தினமும் பார்ப்பதுதான். புதிய இயங்குதளம் புதிய குரல் பேக்கேஜைக் கொண்டுவருகிறது. பழைய குரல் பேக்கேஜ் அதே கோப்புகளைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டிருக்கிறது. இது இருந்தால் அது வராது. ஒன்றைக் கழற்றினால்தான் மற்றது ஏறும்.

"இந்தப் பழைய குரல் பேக்கேஜ் என்ன சார்?"

"காத்திருக்கறவங்களுக்கு ஒரு குரல் கேக்குமில்ல, அதுதான். இங்க வேலை பாத்த ஒரு அம்மா பேசினது. டீச்சர்னு கூப்பிடுவோம்."

"அத எடுத்துடணும். புதுக் குரல் வந்துடும்."

முதல் முறையாக அவர் பேசாமல் நின்றார்.

"எடுத்துடுங்க," என்றார் கடைசியில். "நான் கீழ போய் ஒரு டீ குடிச்சுட்டு வரேன்."

1:32. பழைய பேக்கேஜை நீக்கினேன். போய்விட்டதா என்று பட்டியலில் பார்த்தேன். போய்விட்டது. மறுபடி அப்கிரேடை ஓடவிட்டேன். அதே இடத்தில் அதே தகராறு. பட்டியலைப் பார்த்தால் பழைய பேக்கேஜ் அங்கேயே இருந்தது. நிறுவப்பட்ட நேரம் 1:34.

நான் எதையும் நிறுவவில்லை. தூக்கத்தில் கை தவறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முகத்தைக் கழுவிவிட்டு வந்து மறுபடி நீக்கினேன். 1:41. எழுந்து நின்றபடியே பட்டியலைப் பார்த்தேன்.

இருந்தது.

சரி, போன் சேவையையே முதலில் நிறுத்துவோம் என்று கட்டளை கொடுத்தேன். நிற்கவில்லை. காரணமும் திரையில் வந்தது: வரிசையில் ஒரு அழைப்பு இருக்கிறது.

அழைப்புகள்தான் பக்கத்து ஊருக்குப் போகின்றனவே. இது எங்கிருந்து வந்தது? சர்வரின் பின்னால் போய், வெளியிலிருந்து வரும் தொலைபேசிக் கேபிளை உருவி மேசைமேல் வைத்தேன். திரும்பி வந்து பார்த்தேன்.

வரிசையில் ஒரு அழைப்பு.

மணி 1:58.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்குப் பயமில்லை. அலுப்புதான். வீட்டுக்குப் போக வேண்டும், படுக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம். அழைப்பைத் துண்டித்துவிட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்ய ஒரே கட்டளை போதும். அடித்துவிட்டேன். என்டர் மட்டும் பாக்கி. விரல் அதன்மேல் இருந்தது.

கூடத்தில் ஒரு போன் அடித்தது.

ட்ரிங்... ட்ரிங்...

ஏழாவது மேசை. சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. நடந்துபோய் ஹெட்செட்டைக் காதில் வைத்தேன்.

"இணைப்பில் இருங்கள். உங்களை விட்டுவிட மாட்டோம்."

பதிவு செய்த குரல். அதாவது டீச்சர். இரண்டு முறை நான் நீக்கிய குரல். மூச்சு வந்தது எனக்கு.

பிறகு... இன்னொருவர் மூச்சும் கேட்டது.

இழுத்து இழுத்து.

"யாராவது... இருக்கீங்களா?"

அதே குரல்.

என் கையில் உருவிப் போட்ட கேபிளின் தூசு இன்னும் ஒட்டியிருந்தது.

"சொல்லுங்கம்மா," என்றேன். எனக்கு வேறென்ன தெரியும்?

"மூச்சு விட முடியல... தண்ணித்தொட்டித் தெரு... பதினாலு... மாடி..."

"வண்டி அனுப்பறேன்மா."

"கட் பண்ணிடாதீங்க."

"பண்ணல."

"கட் பண்ணிடாதீங்க..."

ரேடியோ படியேறி வந்து நின்றார். 2:07. ஹெட்செட்டை எடுக்காமல் முகவரியை மட்டும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த டீ கீழே கொட்டியது. ஒன்றும் கேட்கவில்லை. தன் போனை எடுத்து ஓட்டுநரைக் கூப்பிட்டார். அதே முகவரியைச் சொன்னார்.

நான் அசையவில்லை. காதில் அந்த மூச்சு... நிற்கும்... வரும்... நிற்கும்...

2:31.

ஓட்டுநர் பேசினார். ரேடியோ ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏத்தியாச்சு சார். ஒரு அம்மா. ஆக்சிஜன் குடுத்திருக்கோம். பேசறாங்க."

என் காதில் க்ளிக்.

வரிசை காலி.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் திரை ஓட ஆரம்பித்திருந்தது. நான் எதையும் தொடவில்லை. பழைய பேக்கேஜ் நீங்கியது. புதியது ஏறியது. 3:05-க்கு அப்கிரேட் முடிந்தது. ஒரு பிழைகூட இல்லை.

3:12-க்கு ஓட்டுநர் மறுபடி கூப்பிட்டார்.

"சார்... ஆஸ்பத்திரி வந்தாச்சு. பின்கதவத் தொறந்தேன்..."

"ம்."

"ஸ்ட்ரெச்சர்ல யாருமில்ல சார். நர்ஸ் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தா. வண்டி எங்கயும் நிக்கல."

ரேடியோ போனை அணைத்துவிட்டு ஏழாவது மேசையின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டீச்சர் செத்து நாலு வருஷம் ஆச்சு தம்பி."

எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"அன்னிக்கும் இதே சர்வர்லதான் ஏதோ மாத்தினாங்க. வந்த பையன் சொன்னான், வரிசையில ஒரு கால் இருக்கு சார்னு. ரெண்டு ராத்திரியா தூக்கமில்ல எனக்கு. யாராவது தெரியாம போட்டிருப்பாங்க, நீ ரீஸ்டார்ட் பண்ணுனு சொல்லிட்டேன். காலைலதான் தெரிஞ்சுது, அது தண்ணித்தொட்டித் தெரு வீட்டுலேர்ந்து டீச்சர் போட்ட கால்னு. ரிசீவர் கையிலயே இருந்துச்சாம். ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னது நான்தான்னு இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல."

கேபிளைத் திரும்பச் செருகினேன். நாலு மணிக்கு ஆட்கள் திரும்பி வந்தார்கள், அழைப்புகள் வர ஆரம்பித்தன. காத்திருப்பவர்களுக்குப் புதுக்குரல் கேட்டது. ஷிப்ட் முடிந்து ரேடியோ வீட்டுக்குப் போனார். நான் என் வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் என்று தெரியவில்லை. அந்த நர்ஸ் பெண் வாசலில் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயசு. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். டீச்சரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"வழியெல்லாம் நல்லாதான் பேசினாங்க," என்றாள். "இன்னிக்கு ராத்திரி ரேடியோதானே டியூட்டினு கேட்டாங்க. ஆமான்னேன்."

"அப்புறம்?"

"அவர் வீட்டுக்குப் போனதும் அவருக்குப் போன் பண்ணணும்னாங்க. நிறைய பேச வேண்டியிருக்காம்."

மணி 6:52. உடனே ரேடியோவுக்குப் போன் செய்தேன். பிஸி.

7:10. பிஸி.

மதியம் இரண்டு மணி வரை அவர் லைன் பிஸியாகவே இருந்தது.

ஒரு வாரம் கழித்து அவரைப் பார்த்தேன். அவராகவே போனை எடுத்து என்னிடம் நீட்டினார். அந்தக் காலையில் வந்ததாகவோ போனதாகவோ அதில் ஓர் அழைப்புகூடப் பதிவாகவில்லை. யாரோடு பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அந்த மாதமே வேலையை விட்டுவிட்டார்.