இரண்டு ரிலேக்கள் பேசிக்கொள்ளாத நாள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கும். குமாரபாளையம் பக்கத்துத் துணைமின் நிலையத்தில் அன்றைக்கு ஒரே ஒரு கத்தலோடு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேனே, அதுவே பெரிய சாதனை.

மின்பாதையின் இரண்டு முனையிலும் காவலுக்கு ரிலேக்கள் உண்டு. இங்கே நுழைகிற கரண்ட் அங்கே வந்து சேர்ந்ததா என்று ஒன்றையொன்று ஓயாமல் கேட்கும். கணக்கு உதைத்தால் லைனை வெட்டிவிடும். இந்தப் பேச்சைக் கம்ப்யூட்டர்களை இணைக்கிற ஈதர்நெட் நெட்வொர்க் வழியாக நடத்தலாம் என்று பெரிய அதிகாரியிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கியவள் நான். பொழுது சாய்வதற்குள் ரிலேக்கள் பேசவில்லையென்றால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பழைய ஏற்பாட்டையே மாட்டச் சொல்லிவிட்டார் அவர். அப்புறம் என் பேச்சை எவர் மதிப்பார்?

முந்தின நாள் சோதனையில் கொஞ்சிக் குலாவிய ரிலேக்கள் அன்றைக்கு ஊமையாகிவிட்டன. அவை பேசாமல் லைனில் கரண்ட் விட முடியாது. மறுமுனை ஜலகண்டாபுரம் பக்கம். அங்கிருந்த பொறியாளர், "இங்க எல்லாஞ் சரியா இருக்குதுங்க" என்கிறார். இங்கே தறிக்காரர்கள் போன்மேல் போன்: "ஏனுங்க, கரண்ட் எப்பங்க வரும்?"

எங்கள் செயற்பொறியாளர் தங்கமான மனுசர். ஆனால் பக்கத்திலேயே நின்று, "வேலில போன ஓணான எடுத்து மடில உட்டுக்கிட்ட கதையாப் போச்சு அம்மிணி" என்றார்.

"கொஞ்சம் சும்மா இருங்க சார்!" என்று கத்திவிட்டேன்.

ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, ஈதர்நெட் பெட்டியிலிருந்து ஃபைபர் கேபிளை உருவினேன். அடக் கடவுளே! வெளிச்சம் புறப்படுகிற முனையில் காய்ந்த சந்தனம். அதன்மேல் துளி குங்குமம்.

சோதனை முடிந்து கழற்றி வைத்த கேபிளை மறுபடி மாட்டுமுன், காலையில் புதுப் பேனலுக்குப் பூஜை போட்டவர் சாரேதான்.

"பெட்டிமேல வெச்சாப் பத்தாதுங்களா சார்?"

"வேலை செய்யறது முனைதானே அம்மிணி? வயர் முனைக்கெல்லாம் காலங்காலமா வெச்சுட்டுத்தானே இருக்கறேன்."

செம்புக் கம்பி பொறுத்துக்கொள்ளும். இது வெளிச்சத்தில் பேசுகிற சாமான், அடைத்தால் எப்படிப் பேசும்? திட்ட வாயெடுத்தவளுக்குச் சிரிப்புதான் வந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. ரிலேக்கள் பேச ஆரம்பித்தன.

அந்த நேரம் பார்த்து பெரிய அதிகாரியின் போன். சார்தான் எடுத்தார். நெட்வொர்க் சொதப்பிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கதை முடிந்தது.

சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கழட்ட வேண்டாமுங்க. அது நல்லாத்தான் பேசுதுங்க. நாந்தான் அது வாயில சந்தனத்த அப்பிப்போட்டனுங்க."