அம்மன் கூழும் என் இரண்டு மாடுகளும்

அம்மனை நம்பி வாழும் அக்கா தங்கச்சிகளே, அண்ணன்மார்களே, என் பெயர் சுகுணா. திருவொற்றியூரில் மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறவள். போன ஆடி மாதம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இதில் எனக்குப் பெருமையாக எதுவும் இல்லை. அம்மனுடைய பெருமை இருக்கிறது, அதற்காகத்தான் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

என்னிடம் இரண்டு மாடுகள் இருந்தன. மூத்தது வெள்ளச்சி, சின்னது செவலை. அந்த வருடம் கோடை மழை ஏமாற்றிவிட்டது. ரயில் பாதை ஓரத்தில் நான் அறுக்கிற புல் கருகிப்போனது. மிச்சமிருந்ததன் மேல் கண்டெய்னர் லாரிகளின் புழுதி அப்பிக் கிடந்தது. அலசிப் போட்டாலும் மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புல் முளைத்த காலி மனைகளையெல்லாம் சுவர் எழுப்பி அடைத்துவிட்டார்கள். பொன்னேரிப் பக்கமிருந்து வரும் வைக்கோல் வண்டியும் வாரக்கணக்கில் வரவில்லை. மாடுகளின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. வேளைக்கு ஐந்து லிட்டர் கறந்த வெள்ளச்சி இரண்டு லிட்டருக்கு இறங்கிவிட்டாள். செவலை அதற்கும் கீழே.

பால் குறைந்தது கூடப் பெரிதில்லை. தொட்டியை நக்கிவிட்டு இரண்டும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கும். அந்தப் பார்வைதான் தாங்க முடியாது. எங்கள் தெருக்கோடிக் கங்கையம்மன் கோயிலுக்குப் போய்த் தினமும் அழுதேன். "தாயே, எனக்கு ஒண்ணும் வேணாம், என் மாட்டுக்கு வாய்க்கு எதனா குடு" என்று கேட்டேன்.

ஆடி பிறந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூழ் ஊற்றினார்கள். எல்லாரும் குடித்த பிறகு அண்டாவின் அடியில் மிச்சம் இருந்தது. ஒரு வாளி வாங்கி வந்து இரண்டு மாடுகளுக்கும் தண்ணீரில் கலந்து வைத்தேன். சத்தம் போட்டு உறிஞ்சிக் குடித்தன. மறுநாள் பால் கொஞ்சம் கூடியது. அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மன் வாய் திறந்துவிட்டாள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை கோயிலில் கூடியிருந்த அத்தனை பேர் நடுவிலும் எழுந்து நின்று, "அம்மா என் வேண்டுதலைக் கேட்டுட்டா, கூழா வந்து என் மாட்டுக்குப் பசியாத்திட்டா" என்று சொன்னேன். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தெருவில் எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடிவிட்டது.

அடுத்த ஞாயிறு சுற்றுவட்டாரத்தில் நாலு கோயிலில் கூழ். என் வீட்டுக்காரர் மீன்பாடி வண்டி, அதாவது மூன்று சக்கரச் சரக்கு வண்டி, மிதிக்கிறவர். அந்த வண்டியில் பிளாஸ்டிக் ட்ரம்களை ஏற்றிக்கொண்டு நாலு கோயிலுக்கும் போனோம். நொய்யும் கேழ்வரகும் கலந்த புளித்த கூழ், இரண்டு ட்ரம் கிடைத்தது. வீட்டுக்காரருக்கு மட்டும் கொஞ்சம் யோசனை.

"இன்னாமே, இம்மாம் கூழும் இதுங்களுக்கேவா?"

"அம்மா குடுத்ததை அளந்து பாக்காதய்யா" என்று வாயை அடைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே வெள்ளச்சிக்கு ஒரு ட்ரம்மை அப்படியே வைத்தேன். பட்டினி கிடந்த மாடு, அடிவரை நக்கிவிட்டாள். செவலைக்கு ஒரு வாளிதான் கொடுத்தேன். சின்னவள்தானே, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று.

திங்கட்கிழமை காலையில் வெள்ளச்சி தலையைத் தொங்கப்போட்டு நின்றாள். அசை போடவில்லை. வயிறு இடது பக்கம் உப்பியிருந்தது. சாணம் தண்ணீராய்ப் போனது, புளித்த வாடை அடித்தது. பல்லை நறநறவென்று கடித்தாள். மாதவரத்திலிருந்து வரும் மாட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டோம். நல்ல மனுஷி, கூப்பிட்டதும் வந்துவிடுவார். வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"நேத்து என்னம்மா குடுத்த? தீவனத்துல புதுசா எதாவது சேத்தியா?"

இங்கேதான் நான் செய்த பாவம். வீட்டுக்காரர் வாயைத் திறக்கப் போனார். நான் முந்திக்கொண்டு, "எப்பவும் போலத்தான் மேடம், புதுசா ஒண்ணும் இல்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அம்மன் கூழ் மாட்டைச் சாய்த்தது என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? வெள்ளிக்கிழமைதான் ஊருக்கே கேட்கும்படி சாட்சி சொல்லியிருந்தேன். அம்மனுக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது என்று நினைத்ததாக அப்போது என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். உண்மையில் கெட்ட பெயர் வரக் கூடாது என்று நினைத்தது எனக்குத்தான்.

டாக்டரம்மா சாதாரண அஜீரணம் என்று நினைத்து மருந்து கொடுத்தார். "நாளைக்கு வந்து பாக்கறேன், எதாவது ஞாபகம் வந்தா போன் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் விபூதி பூசி வேப்பிலை கட்டினேன். அதோடு விட்டேனா? செவலைக்காவது தெம்பு வரட்டும் என்று மிச்சமிருந்த கூழை அன்று சாயங்காலம் அவளுக்கு வைத்தேன். பிரசாதம்தானே என்று வைத்தேன். கண்ணிருந்தும் குருடி என்றால் நான்தான்.

செவ்வாய்க்கிழமை விடியும்போது வெள்ளச்சி செத்துக் கிடந்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு போக வண்டி வந்தது. காலைக் கட்டி ஏற்றியபோது அவள் மடி ஆடியது. எட்டு வருடம் எங்களுக்குச் சோறு போட்ட மடி. நான் திரும்பி நின்றுகொண்டேன். வண்டி தெருமுனை திரும்பியபோது பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். செவலை உட்கார்ந்துவிட்டாள். தலையை விலாப் பக்கம் மடக்கிக்கொண்டாள். அதே புளித்த வாடை.

செருப்புக்கூடப் போடாமல் கோயிலுக்கு ஓடினேன். உச்சி வெயில், நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "உன் கூழ்தானே குடுத்தேன்? நம்பினதுக்கா இது? ஒண்ண எடுத்துக்கினே, இன்னொண்ணையும் கேக்குறியா?" வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். கத்தி ஓய்ந்து கீழே உட்கார்ந்தபோது என்னிடம் ஒரே வார்த்தைதான் மிச்சம் இருந்தது. "எனக்குப் புத்தி குடு தாயே. இன்னா செய்றதுன்னு தெரில."

அம்மன் கதவைத் திறந்து வரவில்லை. ஆனால் பக்கத்து அடிபம்பில் அண்டா கழுவிக்கொண்டிருந்த பாக்கியம் அக்கா எழுந்து வந்தார். கோயிலுக்குக் கூழ் காய்ச்சுகிறவர் அவர்தான். கையில் கரி, முந்தானை நனைந்திருந்தது.

"இன்னாமே ஆச்சு? எவ்ளோ கூழ் ஊத்துன?"

"ட்ரம்மு... ஆளுக்கு ஒரு ட்ரம்மு."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி! எனுக்கே ரெண்டு சொம்பு குடிச்சா வவுறு கல்லு மாரி ஆய்டுது. ஆத்தா எல்லார்க்கும் ஒரு சொம்பு குடுக்கச் சொன்னாமே. ட்ரம்மு ட்ரம்மா ஊத்தச் சொன்னாளா? சரி, டாக்டராண்ட கூழு ஊத்துனத சொன்னியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வாயத் தொறமே. மாடு சொல்லாது, நீதான் சொல்லணும்."

நான் புத்தி கேட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அங்கேயே உட்கார்ந்து டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். கூழ், ட்ரம், நேற்று பொய் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"நேத்தே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் அதை முடிக்கவில்லை. "சரி, இனிமே கூழ், சோறு எதுவும் வைக்காத. நான் கிளம்பிட்டேன்."

வந்ததும் வயிற்றுக்குள் குழாய் விட்டார். ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றினார். கழுத்து நரம்பில் பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றினார். பசியோடு இருக்கும் மாட்டுக்கு மாவுப் பண்டத்தைத் திடீரென்று நிறையக் கொடுத்தால் வயிற்றுக்குள் புளித்து ரத்தம்வரை கெட்டுவிடும் என்று சொன்னார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பாக்கியம் அக்கா செவலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஈ ஓட்டினார். என் வீட்டுக்காரர் மீன்பாடி வண்டியை மிதித்துக்கொண்டு மாதவரம் வரைக்கும் போய், டாக்டரம்மா சொல்லிவிட்ட ஒருவரிடமிருந்து இரண்டு கட்டு வைக்கோல் கொண்டுவந்தார்.

புதன்கிழமை மத்தியானம்வரை செவலை அசையவில்லை. நான் பாலைக் கேட்கவில்லை, புல்லைக் கேட்கவில்லை. இந்த உயிரை விட்டுவிடு தாயே, வெள்ளச்சிக்குச் செய்ததற்கு என்னை என்ன வேண்டுமானாலும் செய் என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா காதை வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு, "வயிறு வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு" என்றார். கொஞ்ச நேரத்தில் செவலையின் தொண்டையில் ஒரு உருண்டை மேலே ஏறியது. செவலை வாயை அசைத்தாள். அசை போட்டாள். நானும் பாக்கியம் அக்காவும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம்.

வெள்ளிக்கிழமை கோயிலில் மறுபடி எழுந்து நின்றேன். முதலில் சொன்ன சாட்சி பொய், இதுதான் நிஜம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாதிப் பேருக்குக் கோபம். அம்மன் கூழைக் குற்றம் சொல்கிறாள் என்று இன்றைக்கும் என்னோடு பேசாதவர்கள் இருக்கிறார்கள். மீதிப் பேர் கீரைத் தண்டு, கோஸ் இலை, சோள மட்டை என்று வீட்டு வாசலில் கொண்டுவந்து போட ஆரம்பித்தார்கள். அன்றைக்குத் தொடங்கியது இன்னும் நிற்கவில்லை. அதையும் வைக்கோலோடு நறுக்கிக் கலந்து, கைப்பிடி கைப்பிடியாகத்தான் பழக்குகிறேன். புதிதாக எது வந்தாலும் டாக்டரம்மாவைக் கேட்காமல் வைப்பதில்லை.

செவலை பழையபடி பால் கொடுப்பதில்லை. இனிமேலும் கொடுக்க மாட்டாள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். உயிரோடு நிற்கிறாள், அது எனக்குப் போதும். வெள்ளச்சி கட்டியிருந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. அங்கே பெருக்கும்போது அவளிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களுக்குக் கஷ்டம் வந்தால் அம்மனிடம் போங்கள். அழுங்கள், சண்டைகூடப் போடுங்கள், அவள் தாங்கிக்கொள்வாள். அவள் நிச்சயம் யாரையாவது அனுப்புவாள். எனக்கு அவள் இரண்டு முறை அனுப்பினாள். திங்கட்கிழமை அனுப்பிய ஆளிடம் நான் பொய் சொன்னேன். செவ்வாய்க்கிழமை உண்மையைச் சொன்னேன். அனுப்பியவள் ஒருத்திதான், வந்த டாக்டரும் ஒருத்திதான்.